இரண்டு மணிக்கு மூச்சு விடும் காடு

கரட்டுவலசுக் கொரங்காடு தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் அதிகமாக மூச்சு விடுகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுவதில்லை. மண் மூச்சு வாரியத்தின் ஈரோடு அலுவலகத்தில் ஜெசிந்தாவின் மேசைக்கு வந்த குறிப்பில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. காரணம் கண்டுபிடித்து மாதக் கடைசிக்குள் பதிய வேண்டும் என்று கீழே ஒரு வரி.

ஜெசிந்தா குறிப்பை இரண்டு முறை படித்தாள். பதினோரு வருஷமாகச் சரிபார்ப்பாளர் வேலை பார்க்கிறாள். மண் மூச்சு விடும், அது புதிதில்லை. மழை பெய்தால் விடும், உழுதால் விடும், வெயில் ஏறினால் விடும். ஆனால் கிழமை பார்த்து மூச்சு விடும் மண்ணை அவள் கண்டதில்லை. மறுநாள் காலையில் பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்து, வண்டிக்கு மின்னேற்றிக்கொண்டு தாராபுரம் சாலையில் கிளம்பிவிட்டாள்.

கரட்டுவலசில் நாற்பத்து நான்கு எருமைகள் இருந்தன. எருமை வைத்திருப்பது அந்தக் காலத்தில் லேசான காரியமில்லை. எருமை ஏப்பம் விட்டால் மீத்தேன் வரும். அந்த ஏப்பத்துக்கு ஈடாக ஊர் எங்காவது ஓர் இடத்தில் கரியை மண்ணுக்குள் பூட்டி வைத்துக் காட்ட வேண்டும். கரட்டுவலசுக்காரர்கள் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டைப் பூட்டினார்கள். அறுபது ஏக்கர். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே ஆடு மாடு போகக்கூடாது, மனிதரும் போகக்கூடாது. புல் தானாக வளர்ந்து, தானாக மடிந்து, வேரோடு கரியை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டே போகும். அறுபது ஏக்கருக்கு நாற்பத்து நான்கு எருமை. காரணம் தெரியாத மூச்சு வந்தால் நிலத்தின் தரம் இறங்கும். தரம் இறங்கினால் எருமைகளை லாரி ஏற்ற வேண்டியதுதான்.

இதையெல்லாம் காவல் காக்கத்தான் மூக்குக்கம்பம். தென்னை உயரத்துக்கு ஒரு கம்பம், உச்சியில் கைப்பிடி அளவுக்கு ஒரு கருவி. காற்றை இழுத்து இழுத்து முகர்ந்து, எந்த வாயு எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வருகிறது என்று சொல்லிவிடும். முதலில் கேமரா வைப்பதாகத்தான் இருந்தது. வயற்காட்டில் கேமரா வைத்தால் ஜனங்களின் அந்தரங்கம் போய்விடும் என்று வழக்குப் போட்டு அதைத் தடுத்துவிட்டார்கள். மூக்கு வைப்பதற்கு யாரும் வழக்குப் போடவில்லை. மோப்பத்தில் என்ன அந்தரங்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

ஊர்க் காற்றுக் கமிட்டியின் தலைவர் சென்னியப்பன் வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் வேலிக் கதவின் சாவி. அவருக்குச் சந்தேகம் முழுக்கப் பக்கத்து ஊர்க்காரர்கள் மேல். திருட்டுத்தனமாக ஆடு விட்டு மேய்க்கிறார்கள், பிடித்து நாலு பேருக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று வந்தவளை உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா மடிக்கணினியைத் திறந்து அவருக்குக் காட்டினாள்.

"ஆடு வந்தா மீத்தேனும் கூட வரும்ணே. அசை போடுற பிராணி எதுன்னாலும் ஏப்பத்துல மாட்டிக்கிடும். இங்க பாருங்க, அது துளிகூட இல்ல. வெறும் கரியமிலவாயுதான்."

"அப்ப என்னங் அது?"

"அசை போடாத ஏதோ ஒண்ணு."

சென்னியப்பன் யோசித்தார். பன்றியாக இருக்குமோ என்றார். பன்றி என்றால் மண்ணைக் கிளறியிருக்கும், கிளறின மண் தனியாக மூச்சு விடும், அதுவும் இதில் இல்லை என்றாள் ஜெசிந்தா. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று ஏனோ தோன்றியது.

சாப்பாடு அவர் வீட்டில்தான். அவருடைய மனைவி கௌசிகா பரிமாறினாள். அவரைக்காய்ப் பொரியல், கொள்ளு ரசம், எருமைத் தயிர். தயிரைக் கத்தியால்தான் வெட்ட வேண்டும் போலிருந்தது. கௌசிகா பரிமாறிக்கொண்டே அடுப்பைப் பார்த்தாள், தொட்டியில் தண்ணீர் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தாள், உள்ளறையிலிருந்து மாமனார் கூப்பிட்டதற்குப் போய் மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்தாள், கொல்லையில் எருமை கத்தியதற்குத் தீவனம் அள்ளிப் போட்டுவிட்டு வந்தாள். ஜெசிந்தாவின் இலையில் மட்டும் எதுவும் குறையாமல் பார்த்துக்கொண்டாள்.

"எங்கூர்ப் பொம்பளைங்க பயங்கர சுறுசுறுப்புங்க," என்றார் சென்னியப்பன், பெருமையாக. "மத்தியானத்துல ஒருத்தி கண்ணசந்து நீங்க பாக்க முடியாது."

சாப்பிட்டு முடித்ததும் அவர் முன்னறைக் கட்டிலில் சாய்ந்தார். பத்து நிமிஷத்தில் குறட்டை. ஒன்றே முக்காலுக்குக் கௌசிகா மாவு மில்லுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு தூக்குவாளியோடு கிளம்பினாள். மாவு மில்லுக்கு யாராவது தூக்குவாளி கொண்டு போவார்களா என்பதை ஜெசிந்தா அப்போது கவனிக்கவில்லை. அவள் கண் திரையில் இருந்தது.

முந்தின நாள் மூச்சின் கோடு இரண்டு மணிக்குச் செங்குத்தாக ஏறியது. அதன் தலையில் ஊசி முனை போல ஒரு சின்னத் துருத்தல், இரண்டு நிமிஷம். பிறகு கொஞ்சம் இறங்கியது. கால் மணி நேரத்தில் இன்னும் இறங்கி, கோடு சமதளமாக, சன்னமாக ஓடியது. மூன்றரைக்கு மறுபடி ஏறிக் காணாமல் போனது. முப்பது நாள் கோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஞாயிறு தவிர எல்லாம் ஒரே அச்சு. நடந்து வரும் மூச்சு, உட்கார்ந்திருக்கும் மூச்சு, அதற்குப் பிறகு வரும் இந்தச் சன்னமான சமதளம் என்ன?

இரண்டாவது குழந்தை பிறந்திருந்தபோது தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது அதன் மூச்சு இப்படி இறங்கும், எப்போது எழுந்து பாத்திரம் கழுவலாம் என்று காத்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அவள் மடிக்கணினியை மூடினாள். சென்னியப்பன் விழிக்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. வேலியை ஒட்டியே நடந்தாள். கிளுவை நெருக்கமாக, ஆளுயரத்துக்கு நின்றது. கதவில் பூட்டு அப்படியே இருந்தது. வடக்கு மூலையில் ஒரு சாய்ந்த வெள்வேலத்துக்குக் கீழே கிளுவைக் கம்பு இரண்டு மட்டும் தளர்ந்திருந்தன. குனிந்து அதைத் தள்ளினாள். கதவு போலத் திறந்தது.

உள்ளே புல் இடுப்பளவுக்கு மஞ்சளாக நின்றது. கொஞ்ச தூரத்தில் நாலைந்து மரங்கள் கூட்டாக நிழல் போட்டிருந்தன. அந்த நிழலில் பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணிப் பார்த்தாள், பதினொரு பேர். பழைய சேலைகளை விரித்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, ஒருக்களித்து, மல்லாந்து, ஒருத்தி இன்னொருத்தியின் வயிற்றில் தலை வைத்து. வாய் லேசாகத் திறந்திருந்தது ஒருத்திக்கு. ஐம்பது வயதுக்காரி ஒருத்தி கால்மேல் கால் போட்டபடியே தூங்கிவிட்டிருந்தாள். செருப்புகள் மட்டும் ஓரமாக வரிசையாக இருந்தன. பக்கத்தில் அந்தத் தூக்குவாளியும், ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்பும். ஊசி முனை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. டீ.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ திருட்டுகளை அவள் பிடித்திருக்கிறாள். இரவோடு இரவாக மண்ணை வெட்டி விற்றவர்கள், மூக்குக்கம்பத்துக்குப் பாலிதீன் பை மாட்டினவர்கள். பிடித்ததும் என்ன பேச வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். இப்போது காலடிச் சத்தம் கேட்காமல் ஓரமாக நின்றுகொண்டாள்.

ஓரத்தில் படுத்திருந்தவள் ஒரு கண்ணைத் திறந்தாள். கௌசிகா. ஜெசிந்தாவைப் பார்த்தாள், திடுக்கிட்டாள், எழுந்து உட்கார்ந்தாள். பிறகு பக்கத்தில் தூங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு உதட்டில் விரல் வைத்தாள்.

"எழுப்பீராதீங்க அம்மிணி," என்றாள் மெதுவாக. "மூணரைக்கு எல்லாரும் எந்திரிச்சிருவோம். என்ன கேக்கணுமோ அப்பக் கேளுங்க. மிதுனா வீட்டு எருமை ராத்திரி கன்னு போட்டுதுங்க, அவ இப்பத்தான் கண்ணு மூடினா."

பிறகு, வேறென்ன செய்வது என்று தெரியாதவள் போல, தன் சேலையை இன்னும் கொஞ்சம் விரித்து இடம் விட்டாள்.

ஜெசிந்தா உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி பையிலிருந்த கைக்கருவியில் அளவெடுக்கலாம் என்று நினைத்தாள். மரத்தடியில் காற்று வந்தது. கொழுக்கட்டைப் புல்லின் கதிர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தினமும் நாலரைக்கு எழுகிறவள் அவள். கடைசியாக எப்போது பகலில் படுத்தோம் என்று யோசிக்கத் தொடங்கினாள். அந்த யோசனை முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.

யாரோ தோளைத் தட்டினபோது மணி மூன்றரை. அவளைச் சுற்றிப் பதினொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தட்டியவள்தான் மிதுனா, நாற்பது வயதுக்காரி, ஒல்லியாக, முழங்கை வரை வைக்கோல் கீறல்களோடு. இவர்களுக்கு ஒரு தலைவி உண்டென்றால் அது அவள்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

மிதுனா மன்னிப்புக் கேட்கவில்லை, மழுப்பவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள். காட்டைப் பூட்டுவதற்கு முன்னால் எருமையும் ஆடும் ஓட்டிக்கொண்டு தினமும் இவர்கள்தான் இங்கே வருவார்கள். மத்தியானம் அதுபாட்டுக்கு மேயும், இவர்கள் இதே மரத்தடியில் முந்தானையை விரித்துப் படுப்பார்கள். அதை யாரும் தூக்கம் என்று சொன்னதில்லை. மாடு மேய்க்கப் போயிருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். காட்டைப் பூட்டினதும் எருமை கொட்டகைக்கு வந்துவிட்டது. தீவனம் வெட்டுவது, சாணி அள்ளுவது, எருமையின் ஏப்பம் அளக்கும் கழுத்துக் கருவிக்கு மின்னேற்றுவது என்று எல்லா வேலையும் வீட்டுக்குள் வந்துவிட்டது. மத்தியானம் மட்டும் போய்விட்டது.

"கமிட்டில எல்லாத்தையும் எழுதினாங்க. புல்லு எத்தன, மரம் எத்தன, எரும எத்தனைன்னு. நாங்க படுத்திருந்தது யாருக்கும் கணக்குல வரல," என்றாள் மிதுனா. "எங்களுக்கே அது போன பொறகுதான் தெரிஞ்சுது."

வீட்டில் படுக்க வேண்டியதுதானே என்று ஜெசிந்தா கேட்டாள். கேட்கும்போதே அது மடத்தனமான கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது. பதினொரு பேரும் சிரித்தார்கள். வீட்டில் படுத்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்றால், பிறகு ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். தன் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே தண்ணீர் கேட்பார் என்றாள் கௌசிகா. யாரும் நுழையக்கூடாத இடம் என்று ஊரில் இருப்பது இது ஒன்றுதான். ஆகவே யாரும் தேடி வராத இடமும் இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அன்றைக்கு வர வழியில்லை.

ஜெசிந்தா எழுந்து புல்லைப் பார்த்தாள். தூத்துக்குடியில் அவளுடைய அம்மா இருந்த தெருவில் இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை கடல் சமையலறைக்குள் வந்து போகிறது. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தாள். மண்ணுக்குள் போன கரி மண்ணுக்குள்ளேயே இருக்கிறதா என்று யாராவது ஒருவர் பொய் சொல்லாமல் பார்க்க வேண்டும், அந்த ஒருவர் தானாக இருக்கலாம் என்று வந்தவள். விதிக்கு விலக்குக் கேட்டு அழுதவர்களிடம் அவள் ஒருபோதும் இரங்கியதில்லை.

எனவே விதிக்குள்ளேயே வழி தேடினாள். சீமைக்கருவேலக் கன்றுகளைப் பிடுங்குவதற்குக் களையெடுப்போர் என்று பதினைந்து பேர் வரை நுழைவுச் சீட்டு வாங்கலாம், தானே எழுதித் தருகிறேன், கதவு வழியாகவே வரலாம் என்றாள். இது நல்ல யோசனை என்றுதான் நினைத்தாள்.

மிதுனா தலையை ஆட்டி மறுத்தாள்.

"பேரு எழுதிப்போட்டா அது வேலைங்க. வேலைன்னா, எத்தனை கன்னு புடுங்குனேன்னு பாக்கறதுக்கு ஒருத்தரு வருவாரு."

ஜெசிந்தா சீட்டுப் பேச்சை விட்டுவிட்டாள். அடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டாள். இந்தக் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் பன்னிரண்டு வருஷக் கரி ஒரே மத்தியானத்தில் வானத்துக்குப் போய்விடும், டீ வேண்டுமென்றால் பிளாஸ்கில் கொண்டு வாருங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாள். பிளாஸ்க் டீயில் ஒரு வாடை வரும் என்று கால்மேல் கால் போட்டுத் தூங்கின பெண்மணி முணுமுணுத்தாள். நாளைக்கு வர வேண்டாம் என்றும், தான் மண்ணைத் துளைத்துப் பார்க்கப் போவதாகவும், அதன் பிறகுதான் எதையும் சொல்ல முடியும் என்றும் ஜெசிந்தா சொன்னாள். அவர்கள் ஒவ்வொருவராக வேலி இடுக்கில் குனிந்து போனார்கள். ஒருத்தி மாவு மில்லுக்கு, ஒருத்தி ரேஷன் கடைக்கு, இருவர் மகளிர் குழுக் கூட்டத்துக்கு.

மறுநாள் காலை சென்னியப்பன் சாவியால் கதவைத் திறந்துவிட, அவள் ஒன்பது இடங்களில் குழாய் இறக்கி ஒரு மீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்தாள். மரத்தடியில் மூன்று, வெட்டவெளியில் ஆறு. ஒவ்வொரு உருளை மண்ணையும் பெட்டிக்குள் வைத்து எரித்து அளந்தாள். எண்கள் வர மத்தியானமாகிவிட்டது. வெட்டவெளியில் எழுதியிருந்த அளவுக்கே கரி இருந்தது. மரத்தடியில், படுத்திருந்த இடத்தில், மேல்மண் ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் இறுகியிருந்தது. அவ்வளவுதான். அறுபது ஏக்கரில் பதினொரு பெண்களின் முதுகு விட்ட தடம் பதினொரு கட்டில் அளவுதான். அவர்கள் விடும் மூச்சும் புதுக் கரி இல்லை. தின்ற சோறும் தயிரும்தான் மூச்சாகப் போகிறது. வீட்டில் விட்டாலும் அதே மூச்சுதான். இங்கே விட்டதால் கம்பத்தின் மூக்கில் பட்டது, அது ஒன்றுதான் குற்றம்.

எண் உண்மையாக இருந்தது. காரணத்தைத்தான் எழுத முடியவில்லை. மனிதர் நுழைந்தார்கள் என்று எழுதினால் நிலத்தின் தரம் இறங்கும். எருமைகள் போகும். யார் நுழைந்தது என்று ஊர் தேடும். பதினொரு வீட்டிலும் அன்றைக்கு என்ன நடக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு சென்னியப்பனிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். இவ்வளவு வேலை செய்கிறவர்கள், மத்தியானத்தில் கொஞ்ச நேரம் படுத்தால்தான் என்ன என்று.

"படுக்கட்டுமுங்க, யாரு வேண்டாங்கறா?" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு. "அவளுக்கு அந்த மாதிரிப் பழக்கமே இல்லீங்க. கௌசி, குடிக்கத் தண்ணி கொண்டா."

கௌசிகா தண்ணீர் கொண்டு வந்தாள். கெட்ட மனிதர் இல்லை அவர். செம்பை வாங்கும்போது வெயிலில் எங்கேயும் அலையாதே என்று மனைவியிடம் அக்கறையாகத்தான் சொன்னார். அவளும் சரி என்றுதான் சொன்னாள். ஜெசிந்தாவின் கண்ணை அவள் ஒரு கணம்கூடப் பார்க்கவில்லை.

ஜெசிந்தா விடைபெற்றுக்கொண்டு கிளம்பினாள். ஈரோடு திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தி, டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு, மூலை மேசையில் பதிவுப் படிவத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் ஐந்து வாய்ப்புகள். கால்நடை, மனிதர், தீ, கருவிக் கோளாறு, காட்டு உயிர்.

கருவிக் கோளாறு என்று போட்டுவிடலாம். ஆனால் அப்படிப் போட்டால் கம்பத்தைக் கழற்றிப் புதுசு மாட்டுவார்கள். புது மூக்கு குறட்டையைக்கூடப் பெயர் சொல்லி எழுதிவிடும். மிச்சம் இருந்தது காட்டு உயிர், அதற்குத் தரம் இறங்காது. என்ன உயிர்? மான் என்றால் அசை போடும், மீத்தேன் எங்கே என்று கேட்பார்கள். பன்றி என்றால் துப்பாக்கியோடு ஆள் வரும். நரி என்றால் ஊரே தடியெடுக்கும்.

பேக்கரிக்கு எதிர்ப்புறம் குட்டிச்சுவரில் ஒரு மயில் ஏறி நின்று அகவியது. கடைக்காரர் அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். விதைத்த எதையும் விட மாட்டேன் என்கிறது, விரட்டவும் மனசு வரவில்லை, முருகனுக்கு வண்டி ஓட்டுகிற பறவையாயிற்றே என்றார்.

மயில் அசை போடாது. மண்ணை ஆழமாகக் கிளறாது. கூட்டமாக வரும். உச்சி வெயிலில் மரத்தடியில் ஒதுங்கும். யாரும் சுட மாட்டார்கள். ஜெசிந்தா ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டாள். தூங்குகிற ஒரு பெண்ணுடைய மூச்சு ஏறத்தாழ ஏழு மயில்களின் மூச்சு. பதினொரு பெண்களுக்கு எழுபத்தேழு மயில்.

பதினோரு வருஷத்தில் வாரியத்துக்கு அவள் அனுப்பிய ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் அவள் நின்றிருக்கிறாள். இனிமேல் ஒன்றுக்கு மட்டும் நிற்க முடியாது. மண்ணின் எண்களை ஒன்பது இடத்துக்கும் ஒன்பதாக, தசமப் புள்ளி பிசகாமல் முதலில் பதிந்தாள். அவை உண்மை. பிறகு பன்னைக் கொஞ்சம் கடித்தாள், டீயைக் குடித்தாள், காட்டு உயிரை அழுத்தினாள். மயில் என்று எழுதினாள். எழுபத்தேழு. ஓய்வு நிலையில்.

திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. இதே வடிவ மூச்சும் இதே காரணமும் உள்ள பழைய பதிவுகள் நானூற்றுப் பதினொன்று இருக்கின்றன, பார்க்க வேண்டுமா என்று கேட்டது.

பார்த்தாள்.

வேதாரண்யத்து முந்திரிக் காட்டில் மயில், அறுபத்து மூன்று. சங்கரன்கோவில் பக்கம் ஒரு வேம்புத் தோப்பில் நூற்றைந்து. கல்வராயன் அடிவாரத்தில் நாற்பத்தொன்பது. ஓசூர் அருகே ரோஜாத் தோட்டங்களை மூடிவிட்டு மரம் நட்ட இடத்தில் எண்பத்து நான்கு. எல்லாம் ஏழின் மடங்காகவே இருந்தன. கொடைக்கானல் மலையில் ஏழாயிரம் அடி உயரத்தில், போர்வை இல்லாமல் மனிதர் நிற்க முடியாத ஒரு பிளம்ஸ் சரிவில் மயில், முப்பத்தைந்து. அங்கே வழக்கத்தைவிடக் குளிர் தாங்கும் புதுவகை மயில் வந்திருக்கலாம் என்று பறவைப் பிரியர்களின் இதழ் ஒன்று வியந்து எழுதியிருந்ததையும் யாரோ பதிவோடு இணைத்து வைத்திருந்தார்கள். எல்லா இடத்திலும் மத்தியானம்தான். பொங்கலன்றும் தீபாவளியன்றும் தமிழ்நாட்டில் எங்கேயும் ஒரு மயில்கூட ஒதுங்கவில்லை.

கையெழுத்துகளைப் பார்த்தாள். பெரும்பாலும் பெண் பெயர்கள். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. ஆண் பெயர்களும் முப்பதுக்கு மேல் இருந்தன. அவள் வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, டீயில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று விசாரித்தார். ஒன்றுமில்லை அண்ணே, இன்னொரு டீ கொடுங்க என்றாள்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. ஊர்க் கமிட்டிக்குச் சொல்ல வேண்டிய அறிவுரை. அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல், மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தாள். நானூற்றுப் பதினொரு பதிவிலும் அது ஒரே வாசகமாக இருந்தது. முதன்முதலில் அதை எழுதினவர் யாரோ, நிதானமாக யோசித்து எழுதியிருக்க வேண்டும். ஜெசிந்தாவும் ஓர் எழுத்து மாற்றாமல் அதையே எழுதி அனுப்பினாள்.

"மயில்கள் முட்டையிடும் காலமாதலால், பிற்பகல் ஒன்றரை முதல் நான்கு மணி வரை இந்நிலத்துக்கு அருகில் யாரும் செல்லவோ, சத்தம் போடவோ, எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவோ வேண்டாம். முட்டையிடும் காலம்: ஜனவரி முதல் டிசம்பர் வரை."